சரக்குப் பெட்டகம் இல்லமாமாறு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் உறையுளைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொற்கள் பலவாகும். இல், மனை, வீடு, குடில், குரம்பை, மாடம் என அவை விரியும். மூடிவைத்தல் என்னும் பொருள் இவற்றுள் ஒன்றினும் இல்லை. மூடிவைத்தற்கு உரியன பெட்டியும் பேழையும் பெட்டகமுமேயாம். பொருளுக்குப் பெட்டகம், மக்களுக்கு வீடு என்பதே சொல்வழக்கு நமக்கு உணர்த்தும் பாகுபாடு. இக்காலத்திலோ, கப்பலிற் சரக்கேற்றும் எஃகுப் பெட்டகத்தையே வீடாக்கிக் கொள்ளும் வழக்கம் பல நாடுகளிற் பரவி, நம் கடற்கரையையும் எட்டியுள்ளது. பெட்டகம் ஒன்று வீடாதற்கு வேண்டுவன யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் ஈண்டுக் கருதும் இடம் செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டமாகும். கழியும் உப்பளமும், பனையும் தென்னையும் பொருந்திய நெய்தல் நிலம் அது. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரது நாடாகிய இடைக்கழிநாடு என்னும் பெயர் இவ்வட்டத்தில் இன்றும் வழங்குகின்றது. அப்பக்கத்தே எம் சிற்றப்பனார் தமக்குள்ள சிறு மனையில் இருபதடிப் பெட்டகம் ஒன்றை இருத்தி, அதனுள் எம் பாட்டியாரைக் குடிவைக்கக் கருதியுள்ளார். பாட்டியாருக்கு அகவை எழுபது கடந்துவிட்டது. சித்திரை வெயிலை எஃகுக் கூரையின்கீழ் அவர் எங்ஙனம் கழிப்பார் என்னும் கவலையே இதனை ஆராயுமாறு என்னைத் தூண்டியது. ஆராய்ந்த அளவில் யான் கண்ட முடிபு ஒன்று: இந்நிலத்தில் பெட்டகத்தை வீடாக்குவது முதலில் நிழல், அடுத்துக் காற்று, அவற்றின் பின்னரே வெப்பக்காப்பு என்பதாம். அதனை ஒவ்வொன்றாக விளக்குவாம்.

பெட்டகத்தின் வரலாறும் அளவும்

முற்காலத்தில் கப்பற் சரக்குகளை மூட்டை மூட்டையாகத் தொழிலாளரே தோளிற் சுமந்து ஏற்றியிறக்கினர். ஒரு கப்பல் துறையிற் பல நாள் காத்துக் கிடந்தது. 1956-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கரது 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டகங்களைச் சுமந்து, நியூவார்க் துறையினின்று ஹியூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. சரக்கைப் பெட்டகத்தோடு தூக்கிக் கப்பலில் வைத்தலும், பெட்டகத்தோடு இறக்கி வண்டியில் ஏற்றுதலும் அதுமுதல் உலக வழக்காயின. பின்னர் அளவுகளும் உலகெங்கும் ஒன்றாக வரையறுக்கப்பட்டன. நம் சென்னைத் துறைமுகத்தில் பெட்டகங்களுக்கெனத் தனி முனையம் 1983-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு கடலில் உழைத்த பெட்டகம், அப்பணிக்குத் தகாதெனக் கழிக்கப்பட்டு விலைக்கு வருகின்றது. அதனை வீடாக்கும் முறைக்கு அமெரிக்காவில் பிலிப் கிளார்க் என்பார் 1989-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 2001-இல் இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றங்கரையிலும், 2006-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மாணவர் விடுதியாகவும் பெட்டகக் குடியிருப்புக்கள் எழுந்தன. அவை குளிர்நாட்டுக் கட்டடங்கள் என்பதை நினைவிற் கொள்க. அவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

இருபதடிப் பெட்டகத்தின் புற அளவு, நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர் ஆகும். உள்ளளவு நீளத்தில் 5.9 மீட்டரும், அகலத்தில் 2.35 மீட்டரும், உயரத்தில் 2.39 மீட்டருமாம். எனவே உள்ளே நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 150 சதுர அடி. வெற்றுப் பெட்டகத்தின் எடை இரண்டேகால் டன்னை ஒட்டியிருக்கும். சுவர் மடிப்பு மடிப்பான எஃகுத் தகடு. அதன் கனம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. தளம் 28 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. மேலேற்றும் சுமை முழுவதையும் தாங்குவன நான்கு மூலைத் தூண்களேயன்றிச் சுவரும் கூரையும் அல்ல.

வெயிலும் எஃகும்

செய்யூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகைக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் ஞாயிறு அங்கு நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்பொழுது வெயிலைப் பெரிதும் ஏற்பது கூரையே. தெளிந்த வானில் நண்பகல் வெயில் சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொணர்கின்றது. பெட்டகத்தின் கூரைப்பரப்பு ஏறக்குறைய 15 சதுர மீட்டர். எனவே 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினைந்தைச் சூடேற்றிக் கூரைமேல் அடுக்கினாற் போன்ற வெப்பம் அதன்மேல் விழுகின்றது. நிறம் கறுத்த கூரையாயின் அத்தகடு 60 டிகிரிக்கு மேலும் சுடும். அங்ஙனம் சுட்ட தகடு நம் தலைக்கு மேல் இரண்டு மூன்று அடித் தொலைவில் இருப்பதால், உட்காற்றைச் சூடேற்றுதலோடு அமையாது, அடுப்பின் முன் அமர்ந்தார்க்குப் போல நேரே உடம்பையும் தாக்கும்.

எஃகு வெப்பத்தை எத்துணை எளிதிற் கடத்தும் என்பதற்கு ஒரு கணக்குக் கூறுவாம். பாறைப்பஞ்சு என்னும் காப்புப் பொருளினும் எஃகு ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பங் கடத்துவது. ஐம்பது மில்லிமீட்டர் கனமுள்ள பஞ்சுப்படலம் தடுக்கும் வெப்பத்தை எஃகினாலேயே தடுக்க வேண்டுமாயின், ஐம்பது மீட்டரினும் மிக்க கனமுள்ள எஃகுச்சுவர் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர்த் தகடு வெயிலுக்குத் தடையே அன்று என்பது இதனால் விளங்கும்.

இஃது ஏட்டுக்கணக்கு மட்டும் அன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையை அழித்த பின்னர், வீடிழந்த மீனவர்க்குத் தற்காலிகக் குடியிருப்புக்கள் விரைந்து எழுப்பப்பட்டன. அவற்றுட் பல தார் ஊட்டிய மெல்லிய தகடுகளால் அமைந்தவை. அடுத்த கோடையில் அவற்றுள் பகற்பொழுதில் இருக்கவொண்ணாமல் மக்கள் மரநிழலை நாடினர். மழைக்கு ஒதுங்க இடந் தந்த கூரை வெயிலுக்கு ஒதுங்க இடந் தரவில்லை. மெல்லிய தகட்டினுள் மக்களைக் குடியேற்றுவார் யாவரும் மறக்கலாகாத பாடம் அது.

நிழலே முதற் காப்பு

வெப்பத்தைத் தகட்டின்மேல் விழவிட்டுப் பின் தடுப்பதினும், விழாமலே தடுத்தல் எளிது. ஆதலின் பெட்டகத்தின்மேல் இரண்டாவது கூரை ஒன்று வேண்டும். அதற்கும் பெட்டகத்திற்கும் இடையே குறைந்தது ஓரடி இடைவெளி இருத்தல் வேண்டும். அவ்விடைவெளி இருபுறமும் திறந்திருப்பின், சூடேறிய காற்று அங்குத் தேங்காது வெளியேறிவிடும். கிழக்கினும் மேற்கினும் இக்கூரை மூன்றடியேனும் நீண்டு தாழ்ந்திருத்தல் நலம். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து வந்து சுவரைச் சுடுவதை அது தடுக்கும். நம் பழைய வீடுகளில் இறவாணம் என்றும் தாழ்வாரம் என்றும் வழங்கியவை இத்தொழிலுக்கே அமைந்தவை. முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். அவற்றின் திண்ணையில் நண்பகலில் சிறிது நேரம் அமர்ந்தார்க்கு நிழலின் ஆற்றலை நூல்கொண்டு விளக்க வேண்டுவதில்லை.

இக்கூரையைத் தென்னங்கீற்றால் வேயலாம். அது குளிர்ச்சி தருவது, நம் நாட்டிலேயே கிடைப்பது. ஆயினும் தீக்கு அஞ்சவேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஓடு வேயின் எடை மிகும்; அதற்குத் தனித் தூண்கள் வேண்டும். வெண்ணிறம் பூசிய தகடு எடை குறைந்தது. ஆனால் காற்று அதனை எளிதிற் பிடுங்கும். எதனை வேயினும், அதன் கால்களைத் தரையிலோ பெட்டகத்தின் மூலைத் தூண்களிலோ ஊன்றுதல் வேண்டுமேயன்றிக் கூரைத்தகட்டின்மேல் ஊன்றலாகாது. பெட்டகத்தின் கூரைக்கும் சுவருக்கும் வெண்ணிறம் பூசுதல் மிகக் குறைந்த செலவில் மிக்க பயன் தரும் செயலாகும்.

திசையும் காலதரும்

ஞாயிற்றின் நிழல்கொண்டு திசையறிந்து, கயிறிட்டு மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடையிற் காண்கின்றோம். வீட்டின் திசையை ஆராயாது எந்தக் கட்டடத்தையும் தொடங்கலாகாது என்பது அன்றே அறியப்பட்ட உண்மை. பெட்டகத்தை அதன் நீளம் கிழக்கு மேற்காக அமையுமாறு இருத்துதல் வேண்டும். அவ்வாறாயின் சாய்வெயில் படும் கிழக்கும் மேற்கும் எட்டடி அகலமுள்ள குறுஞ்சுவர்களாகும். மே முதல் சூலை வரை ஞாயிறு நண்பகலில் வடபால் நிற்பதாகையால், வடசுவருக்கும் சிறிது நிழல் வேண்டும் என்பதை மறக்கலாகாது. குளிர்நாட்டு நூல்களில் இக்குறிப்பு இராது.

சாளரத்திற்குப் பழந்தமிழில் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே சாளரம் என்பது அதன் பொருள். வழியாவது ஒருபுறம் புகுந்து மறுபுறம் போதற்கு உரியது. ஆதலின் ஒரு சுவரிற் சாளரம் வைத்து எதிர்ச்சுவரை மூடிவிடுதல் வழியமைத்தல் ஆகாது. செய்யூர்ப் பக்கத்தே கோடைநாளில் நண்பகலை ஒட்டிக் கடலினின்று கொண்டல் எழும். மாலையில் தென்றல் வரும். மேற்கினின்று கோடையும், கூதிர்க்காலத்தில் வாடையும் வீசும். கொண்டலை ஏற்கக் கிழக்கே ஒரு திறப்பும், அது வெளிச்செல்ல மேற்கே ஒரு திறப்பும், தென்றலுக்குத் தெற்கினும் வடக்கினும் எதிரெதிர்ச் சாளரங்களும் வேண்டும். சூடேறிய காற்று மேலே திரளுமாதலின், கூரையை ஒட்டிச் சிறு திறப்புக்களும் இருத்தல் நலம்.

வெப்பக்காப்பு

நிழலும் காற்றும் அமைந்த பின்னரே காப்புப் பொருளைப் பற்றி எண்ணவேண்டும். பாறைப்பஞ்சு, தெர்மாகோல், தெளிக்கும் நுரை, தென்னைநார்ப் பலகை என அவை பலவாம். ஒரே கனத்தில் மிகுதியாகத் தடுப்பது தெளிக்கும் நுரை. ஆயினும் நுரையும் தெர்மாகோலும் தீப்பற்றின் நச்சுப்புகை விடுவன. ஆதலின் அவற்றைத் திறந்த நிலையில் விடாது சிமெண்டுப் பலகையாலோ ஜிப்சப் பலகையாலோ மூடுதல் கடமையாகும். பாறைப்பஞ்சு தீக்கு அஞ்சாது; ஆனால் நனைந்தால் பயனிழக்கும். பளபளக்கும் அலுமினியத்தாளை ஒட்டுவாரும் உளர். அத்தாளின் ஒரு புறத்தேனும் காற்றிடைவெளி இருந்தாலன்றி அதனாற் பயனில்லை. உட்சட்டங்களை எஃகால் அமைப்பின் அவற்றின் வழியே வெப்பம் உள்ளே பாயும், மரச்சட்டங்களே தக்கன.

காப்பினை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பது அடுத்த வினா. உள்ளே ஒவ்வொரு சுவரிலும் பஞ்சும் பலகையுமாக ஆறரைச் சென்டிமீட்டர் போயின், 2.35 மீட்டர் அகலம் 2.22 மீட்டராகச் சுருங்கும். கட்டிலிட்டு, அதன் பக்கத்தே ஒருவர் நடந்து செல்லும் அறையில் அச்சுருக்கம் சிறிதன்று. கூரைக்கேனும் காப்பினை வெளிப்புறத்தே, இரண்டாம் கூரையின் நிழலில் அமைத்தால், உயரம் குறையாது. தகடும் உள்ளறையின் வெப்பநிலையிலேயே இருக்கும்.

இனி, ஈரத்தைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. வெளிநாட்டு நூல்களைப் பார்த்துக் கட்டுவோர் பெரிதும் இடர்ப்படுவது இதன்கண்ணேயாம். குளிர்நாட்டில் அறையினுள்ளே வெம்மையும் ஈரமும், வெளியே குளிரும் இருக்கும். நீராவி உள்ளிருந்து புறம்நோக்கிச் சென்று குளிர்ந்த தகட்டிற் படிந்து நீராகும். அதனைத் தடுக்க அந்நாட்டார் காப்பின் உட்புறத்தே நீராவி புகாத தாளை விரிக்கின்றனர். நம் கடற்கரையிலோ ஈரமும் வெம்மையும் வெளியே உள்ளன. குளிர்பதனம் பொருத்திய அறையாயின் நீராவி புறத்தினின்று உள்நோக்கி வரும். அதனைத் தடுக்கும் புறச்சுவர் எஃகுத்தகடே. அதன் இணைப்புக்களையும் சாளர விளிம்புகளையும் நன்கு அடைத்தல் போதும். அந்நூலைப் பின்பற்றி நாமும் உட்புறத்தே பிளாஸ்டிக் தாளை விரித்தால், இடையிற் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி நின்று, பலகையிற் பூஞ்சணமும் தகட்டில் துருவும் உண்டாகும். குளிர்பதனம் இல்லாத அறைக்கும் ஓர் இடர் உண்டு. மார்கழி, தைத் திங்களில் தெளிந்த வானின்கீழ் இரவில் கூரைத்தகடு காற்றினும் குளிர்ந்து போகும். உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன் அடியிற் படிந்து துளித்துளியாக வீழும். பகலில் வெயிலை மறைத்த அதே இரண்டாம் கூரை, இரவில் தகட்டிற்கும் வானிற்கும் இடையே நின்று இதனையும் தடுக்கின்றது. ஒரு நிழல் இருவகையில் உதவுதல் காண்க.

அடித்தளமும் புயலும் துருவும்

மணலின்மேற் கட்டிய வீட்டின் கதையை நம் கல்லூரியார் யாவரும் அறிவர். பெட்டகம் கனமான எஃகாயிற்றே, அதனை வெறுந்தரையில் வைத்தாற் போதாதோ என்பார்க்கு ஒரு கணக்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்திற் காற்று சதுர மீட்டர் ஒன்றில் ஏறக்குறைய 1500 நியூட்டன் விசையோடு மோதும். பெட்டகத்தின் நெடுஞ்சுவர் ஏறக்குறைய 15.7 சதுர மீட்டர். ஆகவே மொத்த விசை ஏறக்குறைய 2.4 டன் எடைக்கு ஒப்பாம். பெட்டகத்தின் எடையோ இரண்டேகால் டன்னே. பிணைக்காது வைத்த வெற்றுப் பெட்டகத்தை அத்தகைய காற்று கவிழ்க்கவும் கூடும். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. இக்கடற்கரை புயலின் வழியில் உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆதலின் நான்கு மூலைக்கும் நான்கு கான்கிரீட்டுக் கால்களை உறுதியான மண் வரை இறக்கி எழுப்புக. அவற்றின் தலையில் எஃகுத்தகடு பதித்து, பெட்டகத்தின் மூலைகளை அவற்றோடு பற்றவைக்க. தரையினின்று இரண்டடி உயர்த்தின் மழைநீர் தீண்டாது. அடியிற் காற்று உலவித் தளத்தை உலர்த்தும். அடித்தகட்டின் துருவைக் குனிந்து பார்த்துப் போக்கவும் இயலும்.

பெட்டகத்தின் எஃகு எளிதில் துருப்பிடிக்காத வகையைச் சேர்ந்தது. தன்மேற் படியும் மெல்லிய துருவையே கவசமாக்கிக் கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. உப்புக்காற்று ஓயாது வீசும் இடத்தில் அக்கவசம் நிலைபெறாது. செய்யூரின் உப்பளங்களை அடுத்து வைக்கும் பெட்டகத்திற்கு வண்ணப்பூச்சே காப்பு; வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் அன்றன்றே துருத்தடுப்புப் பூச்சால் மூடுதல் வேண்டும். கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையின் செங்கல்லும் சுண்ணாம்பும் சிதைந்தும் இன்னும் நிற்கின்றன. இரும்புக்குக் கடற்கரையில் அத்தகைய ஆயுளை எதிர்பார்த்தல் கூடாது.

வாங்குமுன் ஆராய வேண்டுவன

பெட்டகத்தின் கதவில் அதன் பிறந்த ஆண்டும் தாங்கும் எடையும் பொறித்த தகடு ஒன்று இருக்கும். தளப்பலகைக்குப் பூச்சிகொல்லி மருந்து ஊட்டப்பட்டதா என்பதும் அதிற் குறிக்கப்படும். ஊட்டப்பட்டதாயின் அப்பலகையை மாற்றுக. இயலாதாயின் எப்பாக்சிப் பூச்சால் முற்றும் மூடி மேலே வேறு தளம் இடுக. பகலில் உள்ளே நின்று கதவை மூடச்செய்து பார்த்தால், துளை ஒவ்வொன்றும் விண்மீன்போல் ஒளிவிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்; வெளியே ஒருவரை நிறுத்தியே இதனைச் செய்க. கதவுக்கும் சாளரத்திற்கும் சுவரை வெட்டும்போது, வெட்டிய இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் இட்டு வலிவை மீட்டல் வேண்டும். வெட்டுதலும் பற்றவைத்தலும் முற்றும் முடிந்த பின்னரே காப்புப் பொருளை உள்ளே கொணர்க. தீப்பொறி அதற்குப் பகை. முழுதும் எஃகாகிய வீட்டில் மின்கசிவு உயிருக்கு இறுதி விளைக்குமாதலின், மின்னிணைப்புக் கொடுக்குமுன் பெட்டகத்திற்கு நில இணைப்பும் கசிவுத்தடை விசையும் பொருத்துதல் இன்றியமையாதது. பழைய இரும்புக்கதவு உள்ளிருந்து திறக்க இயலாதது; அதனை நம்பாது வேறு வாயில் அமைத்து, ஆபத்திற்கு ஒரு சாளரத்தையேனும் வெளியேறும் அளவிற்குப் பெரிதாக்குக. கடலை அடுத்த மனையாயின் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி இசைவு பெறுதலும் வேண்டும்.

முடிபு

இவ்வாறு எண்ணிப் பார்க்குங்கால், பெட்டகத்தின் விலை செலவின் ஒரு பகுதியே என்பது விளங்கும். கால்களும் நிழற்கூரையும் சாளரங்களும் காப்பும் சேர்ந்த பின்னரே அது வீடாகின்றது. அவற்றிற்கும் பொருள் உண்டாயின், விரைவில் அமைவதும் வேண்டின் பெயர்த்துச் செல்லத் தக்கதுமாகிய நல்லில்லம் ஒன்று கிடைக்கும். பெட்டகம் வாங்குதற்கு மட்டுமே பொருள் உண்டாயின், அப்பொருளைக் கொண்டு செங்கற்சுவரும் கீற்றுக்கூரையுமாகச் சிறுகுடில் எழுப்புதலே அறிவுடைமையாம். எம் சிற்றப்பனாருக்கு யான் எழுதியதும் இதுவே. அவர் முதலில் நிழற்கூரைக்கு விலை கேட்கத் தொடங்கியுள்ளார்.

நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை பொறியாளராகவும், அலுவலராகவும், பிறரைப் பணிகொள்வோராகவும் ஆவோம். கட்டடப் பணிக்கு வெளியூரினின்று வரும் தொழிலாளரை நிழலற்ற தகட்டுக் கொட்டகையிற் குடிவைக்கும் வழக்கம் நம் கண்முன்னே உள்ளது. அவர்க்கு இடம் வகுக்கும் பொறுப்பு நம்மிடம் வரும்பொழுது, பெட்டகம் சரக்கிற்கு உரியது, வீடு மக்களுக்கு உரியது என்னும் சொல்வழக்கை நினைவிற் கொள்வோமாக. ஓரடி இடைவெளிவிட்டு வேய்ந்த ஒரு கூரையும் எதிரெதிரே திறந்த இரண்டு காலதர்களும் அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதியாம். அவற்றைத் தருதல் யார்க்கும் அரிய செயலன்று.